தடம் பதியாத பேச்சு

பட்டியலில் ஜெசிந்தாவின் பெயர் பதினொன்றாவதாக இருந்தது. மேலிருந்து ஒருமுறை, கீழிருந்து ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். பதினொன்றுதான். முதல் பெயர் தளவாய்.

தூத்துக்குடியில் கண்டெய்னர் கப்பல்களைக் கையாளும் ஒரு தனியார் முனையம் அது. ஓட்டுநர் இல்லாத லாரிகள் யார்டுக்குள் ஓட ஆரம்பித்து எட்டு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் எந்தக் கப்பலை எங்கே கட்டுவது, எந்தக் கிரேனை எந்தக் கப்பலுக்குப் போடுவது, காற்று ஏறினால் வேலையை நிறுத்துவதா தொடர்வதா என்பதையெல்லாம் மனிதர்கள்தான் தீர்மானித்தார்கள். காலை ஷிப்டில் தீர்மானிப்பவள் ஜெசிந்தா. மதிய ஷிப்டில் தளவாய்.

ஜெசிந்தாவுக்கு வயது நாற்பத்து நான்கு. அந்தக் கண்ட்ரோல் அறையில் உட்கார்ந்த முதல் பெண் அவள். பத்தொன்பது வருடத்தில் மூன்று புயல், இரண்டு வேலைநிறுத்தம், கரையில் இடித்து நின்ற ஒரு கப்பல் எல்லாம் பார்த்துவிட்டாள். ஆபரேஷன்ஸ் மேனேஜர் கோமதிநாயகம் ஜூலையில் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி ஜெசிந்தாவுக்குத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அவளுக்கும்தான்.

தளவாய் கோவில்பட்டிக்காரன். முப்பத்து மூன்று வயது. வந்து நான்கு வருடம்தான் ஆகிறது. கூட்டங்களில் மூலையில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் எண் எழுபத்தொன்று. அவளுடையது முப்பத்தெட்டு.

"இது என்ன எண்ணு?" என்று அவள் ரெஹானாவிடம் நேரில் போய்க் கேட்டாள். ரெஹானா சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த பெண். 'தடம்' என்ற அந்த அமைப்பை நிறுவிப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஜனவரியிலிருந்து எல்லோர் சட்டையிலும் ஒரு சின்ன பேட்ஜ் குத்தியிருந்தார்கள். அது பேச்சைக் கேட்கும் என்பது தெரியும். எதற்காகக் கேட்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது.

"யார் சொல்லி யார் தன்னோட முடிவை மாத்திக்கிறாங்கன்னு பார்க்குது மேடம்," என்றாள் ரெஹானா. "பதவி, வயசு, சத்தம் எதுவும் அதுக்குத் தெரியாது. நீங்க ஒண்ணு சொல்றீங்க. அதைக் கேட்டு இன்னொருத்தர் செய்ய இருந்ததை விட்டுட்டு வேற செய்யறார். அப்போ உங்க எண் ஏறும். அவ்வளவுதான்."

"நாள் முழுக்க நான்தான உத்தரவு போடுதேன்?"

"உத்தரவு போட்டா செய்வாங்க. நீங்க இல்லாம வேற யார் அந்த நாற்காலியில இருந்தாலும் செய்வாங்க. அதனால அதை இது எடுத்துக்காது." ரெஹானா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "போன திங்கக்கிழமை கொழும்புக் கப்பலை மூணாவது பெர்த்துல கட்டறதா இருந்தீங்க. அப்புறம் ரெண்டாவதுக்கு மாத்தினீங்க இல்லையா?"

"ஆமா. மூணுல கப்பல் கரையில இடிக்காம இருக்கப் போட்ட ரப்பர் தேஞ்சு கெடக்கு. எனக்கே தோணிச்சு."

"தளவாய் சார் ஷிப்டுக்கு வந்தப்போ யார்கிட்டயோ அந்த ரப்பரைப் பத்திச் சொன்னார். நீங்க பக்கத்துல நின்னீங்க. பதினாலு நிமிஷம் கழிச்சு உங்களுக்குத் தோணிச்சு."

ஜெசிந்தா தன் பேட்ஜைத் தொட்டுப் பார்த்தாள். "நான் பேசுறதையெல்லாம் எடுத்து வச்சிருக்கீங்களா?"

"சொல்லைச் சேமிக்கச் சட்டம் இடம் தரலை மேடம். யார் யாரை எந்த விஷயத்துல மாத்தினாங்கங்கறது மட்டும்தான் மிஞ்சும். பேசி, அதனால யாரும் எதையும் மாத்திக்கலைன்னா அந்தப் பேச்சு அப்பவே அழிஞ்சிடும். நடக்காத மாதிரிதான்."

அடுத்த மேனேஜரை இந்த எண்ணை வைத்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்று கோமதிநாயகம் மறுநாள் கூட்டத்தில் சொன்னார். சொல்லும்போது ஜெசிந்தாவைப் பார்க்கவில்லை. கூட்டம் முடிந்தபின் தனியாக அழைத்தார்.

"மேலிடத்து முடிவும்மா. எங்கிட்ட கேக்கல. இன்னும் ஆறு மாசம் இருக்கு. முப்பத்தெட்டை எழுபது ஆக்க உன்னால முடியாதா என்ன?"

முடியும் என்றுதான் அவளும் நினைத்தாள்.

முதலில் கூட்டங்களில் முந்திக்கொண்டு பேசினாள். பிறகு மற்றவர்கள் அரைகுறையாகச் சொல்வதை எடுத்து முழுசாக்கிச் சொன்னாள். லீவு கேட்டு வந்தவர்களுக்கு இரண்டாவது வார்த்தை பேசாமல் கொடுத்தாள். கப்பல்காரர்களின் ஏஜெண்டுகளோடு டீ குடித்தாள். ஒரு மாதம் நாய் படாத பாடு பட்டதில் எண் நாற்பத்தொன்று ஆனது. தளவாய்க்கு எழுபத்து நான்கு.

அப்போதுதான் அவனைக் கவனிக்க ஆரம்பித்தாள். எத்தனை மணிக்கு வருகிறான், வந்ததும் யாரிடம் போகிறான், என்ன கேட்கிறான். கிரேன் ஓட்டுகிறவர்களிடம் அவன் எதையும் சொல்வதில்லை, "அப்படியா?" என்று மட்டும் கேட்கிறான் என்பதைக் கண்டுபிடித்தாள். அவளும் "அப்படியா?" என்று கேட்டுப் பார்த்தாள். அவள் கேட்டபோது அது விசாரணை மாதிரி இருந்தது. எதிரில் நின்றவர் மென்று விழுங்கினார். அவன் பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுவரும் தயிர்ச்சோற்றைத் தொழிலாளிகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று அவளும் கேண்டீனில் போய் உட்கார்ந்தாள். மேசையில் பேச்சு நின்றுபோனது.

அவன் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. அவன் சட்டைக் கையை மடித்துவிடும் விதம் பிடிக்கவில்லை. யாராவது "தளவாய் சார் சொன்னாரு" என்று ஆரம்பித்தால் முடிக்கவிடாமல் பேச்சை மாற்றினாள். தனக்கு ஏன் இப்படி ஆகிறது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கத்தால் அது குறையவில்லை.

வீட்டில் ஒருநாள் அவள் கணவன் டெரன்ஸ் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "சாப்பிட உக்காந்ததுல இருந்து ஒம்பது தடவை அந்தாளு பேரைச் சொல்லிட்ட ஜெசி," என்றான்.

"வேலையில இருக்க ஆளு. பேரைச் சொல்லாம என்ன சொல்லுவாங்க?"

"கோமதிநாயகம் சாரும் வேலையில இருக்க ஆளுதான். அவர் பேரு ஒரு தடவைகூட வரல."

அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினாள்.

இதற்குள் முனையம் மாறிக்கொண்டிருந்தது. ரேடியோவில் ஒருவரை ஒருவர் கூப்பிட்டு "அந்தப் பக்கம் காத்து எப்படி இருக்கு?" என்று கேட்பது நின்றுபோனது. கேட்டால், கேட்டபடி செய்தால், சொன்னவனுக்கு எண் ஏறும். அதனால் அவரவர் திரையைப் பார்த்து அவரவர் முடிவு செய்தார்கள். முன்பெல்லாம் யாராவது தப்பாக எதையாவது செய்யப்போனால் நான்கு பேர் சத்தம் போடுவார்கள். இப்போது ஒருவர் சத்தம் போட்டால் மற்றவர்கள் அவர் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்கள். எண் குறைந்தவர்களின் பேச்சு காதில் விழுந்தாலும் விழாத மாதிரி இருந்தது. பட்டியலின் கடைசியில் இருந்த சர்வேயர் மார்ச்சில் தானாகவே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஜெசிந்தா வழியை மாற்றினாள். தளவாய் எதைச் சொன்னாலும் அதற்கு எதிராகச் செய்தாள். அவன் இரண்டு கிரேன் போதும் என்றால் மூன்று போட்டாள். பெரிய கப்பலை முதலில் முடிக்கலாம் என்றால் சின்னதை முடித்தாள். இனி அவன் சொல் எடுபடாது என்று நினைத்தாள். ஏப்ரல் பட்டியலில் அவன் எண்பத்திரண்டு. அவள் முப்பத்தாறு.

ரெஹானாவின் அறைக் கதவை அவள் தட்டவில்லை. தள்ளிக்கொண்டு போனாள்.

"அவர் சொன்ன ஒண்ணைக்கூட நான் கேக்கல. பிறகு எப்படி அவருக்கு ஏறுது?"

ரெஹானா திரையிலிருந்து நிமிர்ந்தாள். "எதிரா செய்யறதும் மாத்தறதுதானே மேடம்? அவர் வாயே திறக்காம இருந்திருந்தா நீங்க என்ன செஞ்சிருப்பீங்களோ அதுக்கும், இப்ப செஞ்சதுக்கும் உள்ள தூரத்தைத்தான் தடம் அளக்குது. எந்தப் பக்கம் போனீங்கங்கறது அதுக்குப் பெருசில்ல."

"அவர் எண்ணுல எவ்வளவு எங்கிட்ட இருந்து போயிருக்கு?"

"தனியாள் விவரம் சொல்லக் கூடாது."

"எவ்வளவு?"

ரெஹானா குரலைத் தாழ்த்தினாள். "பாதிக்கு மேல."

வெளியே வந்து கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள் ஜெசிந்தா. நான்கு மாதமாக அவனைக் கீழே இறக்கப் பாடுபட்டவள், தன் கையாலேயே அவனைத் தூக்கி வைத்திருக்கிறாள். அவன் சொன்னதைக் கேட்டாலும் ஏறுகிறது, கேட்காவிட்டாலும் ஏறுகிறது. ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. அவனோடு எந்தப் பேச்சும் வைத்துக்கொள்ளக் கூடாது. மௌனத்தைத் தடம் அளக்காது.

அன்றிலிருந்து ஷிப்ட் மாறும்போது அவள் அவனிடம் சொல்வது நான்கைந்து வரிக்குமேல் போகவில்லை. எத்தனை பெட்டி இறங்கியது, எத்தனை மீதி, எந்தக் கிரேன் எங்கே. அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

மே மாதம் பதினேழாம் தேதி பகல் ஒன்றரை மணிக்கு அவள் கரையில் நின்றிருந்தாள். பெட்டிகளின் அடியில் மாட்டியிருக்கும் பூட்டைக் கழற்றும் தொழிலாளிகளின் ஃபோர்மேன் பிச்சைக்கண்ணு அவளைத் தேடி வந்தார். அறுபதை நெருங்கியவர். ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் அவர் சட்டையில் பேட்ஜ் கிடையாது.

"மேடம், நாலாம் கிரேன்ல பிரேக் சரியில்லைன்னு தோணுது. பாரமான பெட்டியை எறக்கும்போது நின்ன எடத்துல நிக்க மாட்டேங்குது. ஒரு சாண் வழுக்கி இறங்குது. காலையில ரெண்டு தடவை பாத்துட்டேன்."

"சிஸ்டத்துல ஒண்ணும் காட்டலையே அண்ணாச்சி?"

"சிஸ்டம் என்ன காட்டுதோ எனக்குத் தெரியாது. நான் கண்ணால பாத்தேன். நான் போய்ச் சொன்னா வேலையை நிறுத்துதான்னு காண்ட்ராக்டர் ஏசுவான். நீங்க சொல்லுங்க."

"சொல்லுதேன். நீங்க போங்க."

அரை மணி நேரத்தில் அவள் ஷிப்ட் முடிகிறது. இப்போது கிரேனை நிறுத்தினால் கப்பல் தாமதமாகும். தாமதம் அவள் ஷிப்டில் விழும். மதிய ஷிப்டில் பாரப்பெட்டிகள் வரும் என்பதும் அவளுக்குத் தெரியும். தளவாயிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் கண்ட்ரோல் அறைக்கு மாடி ஏறினாள்.

அவன் ஏற்கெனவே வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அவள் எண்களைச் சொன்னாள். முந்நூற்று நாற்பது இறங்கியது, இருநூற்றுப் பத்து மீதி. மூன்றாம் கிரேன் முன்பக்கம், நான்காம் கிரேன் பின்பக்கம். சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள். அவன் அவளைப் பார்த்தான். சொன்னால் அவன் கிரேனை நிறுத்துவான். பிரேக்கைப் பார்க்கச் சொல்வான். கோளாறு இருந்தால், எண் தனக்கு ஏறினாலும் கண்டுபிடித்து நிறுத்தியவன் என்று எல்லோரும் அவனைத்தான் பேசுவார்கள். அவள் சொன்னது யாருக்கு நினைவிருக்கும்?

"வேற ஏதாவது இருக்கா மேடம்?" என்று அவன் கேட்கவில்லை. முன்பெல்லாம் கேட்பான்.

"அவ்வளவுதான்," என்று அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

நான்கு மணி இருபது நிமிடத்துக்கு நான்காம் கிரேன் இறக்கிக்கொண்டிருந்த பெட்டி, தரையிலிருந்து ஓராள் உயரத்தில் நிற்க வேண்டியது நிற்கவில்லை. கீழே பூட்டைக் கழற்றிக்கொண்டிருந்த சுடலைமணி என்ற இருபத்தொன்பது வயதுத் தொழிலாளி பின்னால் தாவினான். உடம்பு தப்பியது. இடது கால் தப்பவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பிச்சைக்கண்ணு அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தார். அவர் சட்டையெல்லாம் ரத்தம்.

"மேடம், நான் சொன்னதைத் தளவாய் சார்ட்ட சொன்னீங்களா?"

அவர் கண்ணைப் பார்த்து ஜெசிந்தா சொன்னாள். "சொன்னேன் அண்ணாச்சி."

அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. அதற்காக அவள் யோசிக்கக்கூட இல்லை.

விசாரணை மூன்று நாள் நடந்தது. தடத்தில் தேடினார்கள். அந்தப் பெட்டியை நான்காம் கிரேனில் எடுக்கச் சொன்னது தளவாய். அதற்கு முன்னால் யாரும் எதையும் சொல்லி எதுவும் மாறியதாக இல்லை. பிச்சைக்கண்ணு ஜெசிந்தாவிடம் பேசிய பேச்சால் எந்த முடிவும் மாறாததால் அது அமைப்பில் எங்கேயும் மிஞ்சியிருக்கவில்லை. ஒப்பந்தத் தொழிலாளிகளை யாரும் அழைத்துக் கேட்கவுமில்லை. தளவாயிடம் கேட்டபோது, "என் ஷிப்ட். என் பொறுப்பு," என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. மே முடிவதற்குள் ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

விபத்துக்குப்பின் மேலிடம் இந்த ஒரு தடவை எண்ணை விட்டு அனுபவத்தைப் பார்க்க, ஜூலையில் ஜெசிந்தா கோமதிநாயகத்தின் நாற்காலியில் உட்கார்ந்தாள். மாலை போட்டார்கள். புகைப்படம் எடுத்தார்கள். டெரன்ஸ் கேக் வாங்கி வந்தான். "இனிமே நிம்மதியா சாப்பிடுவ," என்றான். அவள் சிரித்தாள்.

நிம்மதி வரவில்லை. வேலை நன்றாகத்தான் நடந்தது. புதிதாகக் கிரேன் பரிசோதனை முறை ஒன்று கொண்டுவந்தாள். வாரம் ஒருநாள் தொழிலாளிகளோடு உட்கார்ந்து பேசினாள். காற்று வேகம் குறிப்பிட்ட அளவுக்கு வருவதற்கு முன்பே வேலையை நிறுத்தினாள். தலைமை அலுவலகத்தில் பாராட்டினார்கள்.

அக்டோபர் முதல் வாரத்தில் ரெஹானா அவள் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். பேட்ஜைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்தாள். ஜெசிந்தாவையும் கழற்றச் சொன்னாள்.

"இந்த மாசப் பட்டியலை நான் இன்னும் வெளியிடலை மேடம். நீங்க முதல்ல பார்க்கணும்."

ஜெசிந்தா பார்த்தாள். அவள் இரண்டாவது. முதல் பெயர் தளவாய். எண் எண்பத்தொன்பது.

"அவர் போயி நாலு மாசம் ஆச்சே. பழைய பட்டியலா இது?"

"இல்ல. மூணு தடவை ஓட்டிப் பார்த்துட்டேன். தப்பு இல்ல. ஒருத்தர் சொன்னதுக்கு எப்போ விளைவு வந்தாலும் சொன்னவர் பேருக்குத்தான் போகும். போன மாசம் இங்க எடுத்த பெரிய முடிவுகள் எல்லாத்துக்கும் அடியில அவர் எப்பவோ சொன்னது ஏதாவது இருக்கு. காத்து விஷயம், பரிசோதனை, தொழிலாளிங்ககூட உக்கார்றது. எல்லாம்."

"எல்லாரும் அவரையே நெனைச்சிட்டு இருக்காங்களா?"

ரெஹானா தயங்கினாள். "எல்லாரும் இல்ல மேடம். ஒருத்தர்தான்."

வெளியே ஒரு லாரி பின்னோக்கிப் போகும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

"பேரை எடுத்துடலாமா?" என்றாள் ஜெசிந்தா கடைசியில்.

"எடுக்கலாம். ஆனா பேர் இல்லாம எண் மட்டும் பட்டியல் உச்சியில தொங்கிட்டு நிக்கும். இந்த முடிவெல்லாம் யாரோடதுன்னு கேட்டா பதில் இருக்காது." ரெஹானா எழுந்தாள். "நீங்களும் அவரும் அவ்வளவு பேசிக்கிட்ட மாதிரியே தெரியலையே மேடம். எப்படி இது?"

ஜெசிந்தா பேட்ஜை எடுத்து மறுபடி சட்டையில் குத்திக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினாள். பைபாஸ் ஓரத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் தளவாய் சூப்பர்வைசராக இருந்தான். முன்பு வாங்கியதில் பாதிச் சம்பளம். அவளைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. வாசல் நிழலில் இரண்டு நாற்காலி எடுத்துப் போட்டான். டீ வாங்கி வரச் சொன்னான்.

வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு வந்தவள் நேராகச் சொல்லிவிட்டாள். "பிரேக் விஷயம் பிச்சைக்கண்ணு அண்ணாச்சி எங்கிட்ட சொன்னார். நான் உங்ககிட்ட சொல்லல. அவர் கேட்டப்ப சொன்னேன்னு பொய் சொன்னேன்."

"தெரியும் மேடம்," என்றான் அவன். "அடுத்த நாளே அண்ணாச்சி எங்கிட்ட வந்து ஏசினார். மேடம் சொன்ன பெறகும் ஏன்யா ஓட்டினீங்கன்னு கேட்டார். அப்பவே புரிஞ்சிட்டு."

"விசாரணையில ஏன் சொல்லல?"

அவன் டீயைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். குடிக்கவில்லை.

"அன்னைக்கு ஷிப்ட் மாத்தும்போது நீங்க வாயைத் தெறந்தீங்க. ஞாபகம் இருக்கா? ஏதோ சொல்ல வந்துட்டு நிறுத்தினீங்க. நான் பாத்தேன். ஏதோ இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. என்ன மேடம்னு ஒரு வார்த்தை கேட்டா நீங்க சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன்," என்றாள். அது உண்மை என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"நான் கேக்கல. கேட்டு, நீங்க சொல்லி, நான் கிரேனை மாத்தினா உங்களுக்கு எண் ஏறும்." அவன் தரையைப் பார்த்துப் பேசினான். "உங்களுக்கு என் எண்ணு மேல எரிச்சல்னு எனக்குத் தெரியும். உங்க மேல எனக்கு என்ன எரிச்சல்னு உங்களுக்குத் தெரியாது. பத்தொன்பது வருசம். புயல் வந்தா எல்லாரும் உங்களைத்தான் தேடுவாங்க. எனக்கு எழுபது எண்பதுன்னு வந்தாலும், கப்பல் கேப்டன் ரேடியோவுல வந்து ஜெசிந்தா இருக்காங்களான்னுதான் கேப்பார். ஒருத்தர்கூட தளவாய் இருக்காரான்னு கேட்டதில்ல. அந்த எண்ணு மட்டும்தான் எனக்கு இருந்துச்சு. அதை விட மனசு வரல."

கிடங்கிலிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவன் கை காட்டிக் காத்திருக்கச் சொன்னான்.

"நீங்க சொல்லாம போனீங்க. நான் கேக்காம விட்டேன். ரெண்டு பேருல யாரு ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் அவனுக்குக் கால் இருந்திருக்கும். இதை விசாரணையில எப்படிச் சொல்லுவேன்?"

திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே அவள் தலைமை அலுவலகத்துக்குக் கடிதத்தை எழுதினாள். அவன் கேட்காமல் விட்டதை எழுதவில்லை. தன் பங்கை மட்டும் எழுதினாள். வீட்டுக்குப் போவதற்கு முன்னால் சுடலைமணியின் வீட்டுக்குப் போனாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கடைசிவரை கேட்டான்.

"நீங்க இப்ப வந்து சொல்லி எனக்கு என்ன ஆவப் போவுது மேடம்?" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவன் மனைவி கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக் கூட்டத்தில் முப்பது பேர் இருந்தார்கள். ஜெசிந்தா பேட்ஜைக் கழற்றிப் பையில் போட்டாள். "நேத்து மேலிடத்துக்கு எழுதிட்டேன். இன்னைக்கே என்னை நிப்பாட்டிருவாங்க. அதுக்கு முன்னால உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்தாள். பிச்சைக்கண்ணு சொன்னது, தான் சொல்லாமல் விட்டது, ஏன் விட்டாள், ஆஸ்பத்திரியில் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னாள். "தளவாய் மேல எனக்குப் பொறாமை. வேற காரணம் ஒண்ணும் கிடையாது," என்றாள். பின்வரிசையில் நின்ற பிச்சைக்கண்ணு பாதியிலேயே வெளியே போய்விட்டார்.

சிலர் செல்போனைப் பார்த்தார்கள். சிலர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு கதவுவரை போய்விட்டாள்.

"மேடம்."

ஞானசீலி என்ற கிரேன் ஓட்டும் பெண். சேர்ந்து ஒன்றரை வருடம். பட்டியலில் எப்போதும் கடைசி மூன்று பேரில் இருப்பவள்.

"மூணாம் கிரேன்ல மேல ஒரு சத்தம் கேக்குது மேடம். பெட்டியைத் தூக்கும்போது மட்டும். நாலு நாளாச்சு. சிஸ்டத்துல ஒண்ணும் இல்ல. நான் சொன்னா யார் கேப்பான்னு சொல்லாம இருந்துட்டேன்."

கட்டளையிட ஜெசிந்தாவுக்கு இன்னும் ஒரு மணி நேரமாவது உரிமை இருந்தது. அவள் ஷிப்ட் இன்சார்ஜைப் பார்த்தாள். அவர் அதற்குள் ரேடியோவைக் கையில் எடுத்திருந்தார். மூன்றாம் கிரேன் தூக்கிக்கொண்டிருந்த பெட்டியை மெல்லக் கீழே வைத்துவிட்டு நின்றது. மேலே ஏறிப் பார்த்தவர்கள் கம்பிவடத்தில் மூன்று இழை அறுந்திருப்பதாகச் சொன்னார்கள்.

ஜெசிந்தாவை இடைநீக்கம் செய்தார்கள். விசாரணை மறுபடி திறக்கப்பட்டது. அழைப்பு வருவதற்கு முன்பே தளவாய் தானாக வந்து, அவள் எழுதாமல் விட்ட தன் பங்கைச் சொல்லிவிட்டுப் போனான் என்று கேள்விப்பட்டாள். தடத்தை நிறுத்துவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

நவம்பரில் ரெஹானா போன் செய்தாள்.

"மேடம், மூணாம் கிரேன் விஷயத்துக்கு மூலம்னு ஞானசீலி பேரு வந்திருக்கு. நீங்க பேசினப்போ பேட்ஜ் இல்ல. அதனால உங்களோடது எதுவும் பதியலை. நீங்க பேசினதாலதான் அவ பேசினான்னு எனக்குத் தெரியும். விசாரணையில உங்களுக்கு உதவும். நான் கையால சேர்த்துடட்டுமா?"

"வேண்டாம்," என்றாள் ஜெசிந்தா. "சரியாத்தான் இருக்கு. சொன்னது அவதான்."

ஞானசீலிக்கு இப்போது எண் எவ்வளவு என்று கேட்க வாய்வரை வந்தது. அவள் போனை வைத்துவிட்டாள்.